முகம் தெரியாத ஆளுக்குக் குடுத்த காசு

போன கிழமை லண்டன் ரெய்னர்ஸ் லேனில மரக்கறிக் கடையில நிக்கிறன். கையில முருங்கைக்காய். பின்னால ஒரு குரல்.

"ஆன்ரி, நீங்கள்தானே பேப்பரில எழுதுறனீங்கள்?"

திரும்பிப் பார்த்தன். ஒரு முப்பது வயது மதிக்கலாம். முதுகில லாப்டொப் பை. ஓம் எண்டன். போன முறை பஸ் டிரைவரோட நான் சண்டை பிடிச்ச கதையை வாசிச்சுச் சிரிச்சதெண்டு சொல்லப்போறார் எண்ட நினைப்பில, நல்ல புழுகத்தோட, சிரிச்ச முகத்தோடதான் நிண்டன். அவர் கேட்டது வேறை.

"பியர் டு பியர் லெண்டிங்கில கொஞ்சக் காசு போடலாமெண்டு யோசிக்கிறன். பாங்கை விட வட்டி கூட. நல்லதோ ஆன்ரி?"

கேக்கிறதுக்கு ஆள் பிடிச்சார் பாருங்கோ! நான் பல் டொக்டரிட்டை ரிசெப்ஷனில இருக்கிறனான். பல்லைப் பற்றிக் கேட்டிருந்தாலாவது ஒரு அப்பொயின்ட்மென்ட் போட்டுக் குடுத்திருப்பன். "உது எனக்கு விளங்காத விசயம் தம்பி" எண்டு சொல்லிப்போட்டுக் காசைக் கட்டிக்கொண்டு வந்திட்டன்.

உண்மை என்னெண்டால், எனக்கு அது தேவைக்கு மேலை விளங்கும். ஆனால் முருங்கைக்காயைக் கையில வைச்சுக்கொண்டு, பின்னால சனம் வரிசையில நிக்க, அதைச் சொல்ல ஏலுமோ? நான் அழுதிடுவன். அதால அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் சேர்த்து இஞ்ச எழுதுறன்.

இது சிவபாதம் அண்ணையின்ர கதை. பேர்களை மாத்தியிருக்கிறன். அவரிட்டைக் கேட்டுத்தான் எழுதுறன். "எழுது தங்கச்சி, நாலு பேர் அறியட்டும்" எண்டவர்.

நாங்கள் லண்டனுக்கு வந்த புதிசில மோர்டனில ஒரு வீட்டுக்குள்ள மூண்டு குடும்பம். கீழ் அறையில நாங்கள். மேல் அறையில சிவபாதம் அண்ணையும் புனிதமக்காவும். அவர் பெட்ரோல் ஸ்டேஷனில நைட் ஷிப்ட். அவ ஒரு பள்ளிக்கூடக் கிச்சனில வேலை. அவைக்குப் பிள்ளை குட்டி இல்லை. எனக்கு மூத்தவள் பிறந்தபோது பத்தியக்கறி வைச்சுத் தந்தது, பிள்ளையைக் குளிக்க வார்த்தது எல்லாம் அக்காதான். சொந்தமெண்டு சொல்ல ஒரு முறையும் இல்லை. ஆனால் என்ர சொந்த அக்காவோடகூட நான் அவ்வளவு கதைச்சதில்லை.

அந்த வீட்டில காசு ஒரு இடத்தில நிண்டதில்லை. எங்கட ஆக்களின்ர கைமாத்து எப்பிடியெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வட்டி கிடையாது. எழுத்துக் கிடையாது. "வாற கிழமை தாறன்" எண்டு வாங்கிறது, மூண்டு மாதத்தால குடுக்கிறது, குடுத்து அடுத்த கிழமையே திரும்பவும் வாங்கிறது. அகதி வழக்குக்கு லோயருக்குக் கட்டினதும், ஊருக்கு அனுப்பினதும், முதல் கார் வாங்கினதும் எல்லாம் இப்பிடித்தான். ஆர் ஆருக்குக் குடுக்கவேணும் எண்டு எங்களுக்கே சில நேரம் குழம்பிப்போகும்.

அதோட சீட்டு. எல்லாரும் சீட்டுக் கட்டின காலம் அது. சீட்டுப் பிடிச்ச மனிசி நல்ல மனிசி, வாய் நிறையச் சிரிப்பு. ஒருநாள் போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்குது. குடும்பத்தோட கனடாவுக்குப் போட்டாவாம்! எங்களுக்குப் போனது கொஞ்சம். சிவபாதம் அண்ணைக்குப் போனது ரெண்டு வருச நைட் ஷிப்ட்.

மனிசன் அண்டைக்கு அழேல்லை, கத்தேல்லை. குசினிக்குள்ள நிண்டு ஒரு வசனம் மட்டும் சொன்னார். "இனி எங்கட ஆக்களுக்கு ஒரு சதம் குடுக்கவும் மாட்டன். எங்கட ஆக்களிட்டை ஒரு சதம் வாங்கவும் மாட்டன்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது எண்டு சொல்லுவினம். நாங்கள் கொஞ்ச நாளில மறந்திடுவார் எண்டுதான் நினைச்சம். அவர் மறக்கேல்லை. கலியாண வீட்டுக்கு மொய் எழுதுவார், செத்த வீட்டுக்குக் கறி வெட்டப் போவார், விடியக்காலமை ஏர்போர்ட்டுக்குப் போக ஆளில்லையெண்டால் தன்ர காரில கூட்டிக்கொண்டு போவார். கைமாத்து மட்டும் கேக்கக்கூடாது. கேட்டால் முகத்துக்கு நேரை இல்லை எண்டிடுவார். எச்சில் கையால காகம் கலைக்காத மனிசன் எண்டு வெளியில பேர். அது சரியான அநியாயமான பேர்.

அந்த நேரம்தான் புனிதமக்காவின்ர தம்பி வசந்தன் பிரான்ஸில இருந்து லண்டனுக்கு வந்தவன். லூயிஷாமில வீடெடுத்து, எலெக்ட்ரிக் வேலை செய்யப் போறன் எண்டான். ஒரு பழைய வான் வாங்கவேணும். அத்தானிட்டை வந்து கேட்டான். நான் அண்டைக்கு அங்க நிண்டனான்.

"வசந்தன், காசு குடுத்தால் காசும் போகும், உறவும் போகும். எனக்கு நீ வேணும். அதால காசு தரமாட்டன்" எண்டார் அண்ணை. சொன்ன விதமென்னவோ அன்பாய்த்தான். பெடியன் தலையைக் குனிஞ்சுகொண்டு தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் போனான். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நிண்டா. கடன் அன்பை முறிக்கும் எண்டு எங்கட கடையளில எழுதித் தொங்கவிட்டிருப்பினமே... அதை வேதவாக்காய் எடுத்த மனிசன் அவர்.

வருசங்கள் போச்சு. நாங்கள் இஞ்சால ரெய்னர்ஸ் லேனுக்கு வந்திட்டம். அவை மோர்டனிலயே ஒரு கவுன்சில் வீட்டில. சிவபாதம் அண்ணை சேர்த்த காசு பாங்கில தூங்குது. பாங்க் தாற வட்டியோ, சொன்னால் வெக்கக்கேடு. அப்பதான் பெட்ரோல் ஸ்டேஷன் மனேஜர் இந்தப் பியர் டு பியரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

விசயம் இதுதான். ஒரு கொம்பனி இன்டர்நெட்டில கடை விரிச்சிருக்கும். காசு உள்ளவன் ஒரு பக்கம், கடன் தேவையானவன் மற்றப் பக்கம். நடுவில பாங்க் இல்லை. நீங்கள் போடுற காசை அவங்கள் சின்னச் சின்னத் துண்டாக்கி நூறு பேருக்குப் பிரிச்சுக் குடுப்பாங்கள். ஒருத்தன் கட்டாட்டிலும் மற்றவன் கட்டுவான். பாங்க் எடுக்கிற லாபத்தில ஒரு பங்கு உங்களுக்கு வருது, அதால வட்டி கூட. பிழையான யோசனையோ? இல்லை. எங்கட கைமாத்துக்குக் கோட்டும் டையும் போட்டுவிட்ட மாதிரித்தான்.

சிவபாதம் அண்ணைக்கு அதில பிடிச்சது வட்டி மட்டுமில்லை. ஒருநாள் போனை என்ர முகத்துக்கு நேரை நீட்டினார்.

"இஞ்ச பார் தங்கச்சி. லீட்ஸில ஒரு பிளம்பர். வான் வாங்க என்னட்டைக் கடன் எடுத்திருக்கிறான். இது பிரிஸ்டலில ஒரு கஃபே. இது ஒரு மனிசி, வீட்டுக்குக் கிச்சன் போடுறா. ஒவ்வொரு மாதமும் டாண் எண்டு வருது. அகதியாய் ஒரு பையோட வந்தனான்... இண்டைக்கு வெள்ளைக்காரன் எனக்கு வட்டி கட்டுறான்!"

அந்த முகத்தில இருந்த சந்தோசம்! முப்பது வருசம் கண்ணாடிக்குப் பின்னால நிண்டு, குடிகாரங்களிட்டை ஏச்சு வாங்கி, பெட்ரோலுக்குக் காசெடுத்த மனிசன். அவருக்கு அது தேவையாய் இருந்தது. எனக்கு விளங்கினது.

புனிதமக்கா கறிவேப்பிலை உருவிக்கொண்டு இருந்தவ. தலை நிமிராமல் சொன்னா, "லீட்ஸ்காரனுக்கு வான் வாங்கக் காசிருக்கு. என்ர தம்பிக்குத்தான் இல்லை."

"அவனோட எனக்குச் சண்டை வராது புனிதம். முகமே தெரியாதே" எண்டார் அண்ணை.

நாங்கள் எல்லாரும் சிரிச்சம். அக்காவும் சிரிச்சவ.

கொஞ்சம் போட்டவர், பேந்து கொஞ்சம், பேந்து முழுக்க. படிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆள் இல்லை அவர். உங்கட முதலுக்கு ஆபத்து உண்டு எண்டு பெரிய எழுத்தில போட்டிருந்ததை வாசிச்சவர். பாங்க் விழுந்தால் அரசாங்கத் திட்டம் ஒரு அளவுக்குக் காசைத் திருப்பித் தரும், இதுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை எண்டும் தெரியும். அவசரமெண்டால் உங்கட கடனை இன்னொருத்தருக்கு வித்துப்போட்டு வெளியில வரலாம், வாங்க ஆள் இருந்தால். 'வாங்க ஆள் இருந்தால்' எண்ட அந்தச் சொல்லைத்தான் அவர் பெரிசாய் எடுக்கேல்லை. ஆர்தான் எடுத்தது? வெயில் எறிக்கேக்க குடையைப் பற்றி ஆர் யோசிக்கிறது?

இதுக்குள்ள அக்காவுக்கு முழங்கால். கிச்சனில நிண்டு நிண்டு தேஞ்சுபோச்சு. ஒப்பரேஷனுக்கு அரசாங்க என்எச்எஸ்ஸில எழுதிப் போட்டாச்சு. வெயிட்டிங் லிஸ்ட் எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியும். மேல் மாடிக்குப் படி ஏறேக்க ஒவ்வொரு படிக்கும் "முருகா" எண்டுவா. பாத்ரூம் மேலை. ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஏறி இறங்கவேணும்?

"பிரைவேட்டில செய்வம் புனிதம். காசிருக்குத்தானே" எண்டு அண்ணைதான் சொன்னவர். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு, நாள்கூடப் பார்த்தாச்சு. எனக்குப் போன் பண்ணிச் சொல்லேக்க அக்காவின்ர குரலில இருபது வயது குறைஞ்சிருந்தது. "பிள்ளை, காலைச் செய்துபோட்டு உன்ர வீட்டுக்கு ட்ரெயினில வாறன், ஆரும் ஏத்திக்கொண்டு வரத் தேவையில்லை" எண்டா.

அண்ணை காசை எடுக்கப் போனார். வாங்க ஆளில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில எடுக்கப் போயிருக்கினம். கொஞ்ச நாளில கொம்பனி அறிவிச்சிட்டுது. இனிப் புதுக் கடன் குடுக்கமாட்டம், கடையை மெல்ல மெல்லப் பூட்டுறம், பழைய கடன்காரர் கட்டக் கட்டத்தான் உங்கட பங்கு வரும். எப்ப முடியும்? சொல்ல ஏலாது. முழுக்க வருமோ? அதுவும் சொல்ல ஏலாது.

கள்ளன் கொண்டு போகேல்லை, பாருங்கோ. சீட்டுக்காரி மாதிரி ஆரும் ஓடவும் இல்லை. காசு இருக்குது. போனைத் திறந்தால் தெரியுது. கையில எடுக்கத்தான் ஏலாது.

அவர் பாங்கில லோன் கேட்டுப் பார்த்தவராம். வேலையை விட்ட மனிசன், சின்னப் பென்ஷன், காரையும் வித்தாச்சு. ஏலாதெண்டிட்டாங்கள்.

இதெல்லாம் எனக்கு அந்த நேரம் தெரியாது. ஆருக்குமே தெரியாது. நான் போன் எடுத்து "எப்பக்கா ஒப்பரேஷன்?" எண்டு கேட்டால், "நாளைத் தள்ளிப் போட்டாங்கள் பிள்ளை. இப்ப நோவும் கொஞ்சம் சுகம்" எண்டுவா. பொய். அண்ணை பேந்து சொன்னார், ஆரிட்டையும் சொல்லவேண்டாம் எண்டு தடுத்தது அக்காதானாம். "இவ்வளவு காலமும் நீங்கள் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. இப்ப நாங்கள் போய் நிண்டால், உங்களைச் சனம் என்ன சொல்லும்? நான் பொறுப்பன். காசு வரட்டும்" எண்டிருக்கிறா. அவருக்கு ஒரு குறை வந்திடக்கூடாது எண்டு நோவைத் தின்றிருக்கிறா. இதை எழுதேக்க எனக்கு வாறது கோவமா, துக்கமா எண்டு தெரியேல்லை.

ஒரு மழை நாள் காலமை அக்கா படியில இருந்து விழுந்திட்டா. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில அதை உடன செய்தாங்கள், நல்லாய்த்தான் பார்த்தாங்கள். ஆனால் படுக்கையில சளி நெஞ்சுக்குள்ள இறங்கிட்டுது. நான் ஓடிப் போய்ப் பார்க்க ஒக்சிஜன் போட்டிருந்தது. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "இவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது பிள்ளை" எண்டா. அதுதான் கடைசியாய் என்னோட கதைச்சது.

முழங்காலை நேரத்துக்குச் செய்திருந்தால் விழுந்திருக்கமாட்டாவோ? ஆருக்குத் தெரியும். புதுக்காலோடயும் விழுறவை இருக்கினம். காசுதான் அவவைச் சாகடிச்சதெண்டு நான் சொல்லமாட்டன். அண்ணையிட்டையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன். அவர் நம்புறாரில்லை.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சாப்பாடு. மோர்டனில ஒரு ஹோல் எடுத்துச் செய்தினம். பந்தி முடிஞ்சு, வந்த சனம் போய், நாங்கள் நாலைஞ்சு பேர் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நிக்கிறம். என்ர வாய் சும்மா இருக்குமோ? "அண்ணை, பிரைவேட்டில செய்யிறதெண்டு நாளும் பார்த்தனீங்கள். பிறகு ஏன் செய்யேல்லை?" எண்டு கேட்டிட்டன்.

மனிசன் அப்பிடியே கதிரையில இருந்தார். எல்லாத்தையும் சொன்னார். பிளம்பர், கஃபே, வாங்க ஆளில்லாமல் போனது, பாங்க், அக்கா ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டது. சொல்லிப்போட்டு வசந்தனைப் பார்த்தார்.

"புனிதத்துக்குத் தெரியாமல் உன்னட்டை ஒருநாள் வந்தனான்."

வசந்தன் இப்ப நல்லாய் இருக்கிறான். மூண்டு வான் ஓடுது, ஆறேழு பேர் வேலை செய்யினம். கையில கதிரையோட நிண்டவன் அதை நிலத்தில வைச்சான்.

"அத்தான்... அண்டைக்கு மழைக்குள்ள வந்தனீங்கள். ட்ரெயின் மாறி, பஸ் மாறி வந்தனீங்கள். தேத்தண்ணி குடிச்சிட்டு, மழையைப் பற்றிக் கதைச்சிட்டுப் போனீங்கள். அதுக்கோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"ஏன் கேக்கேல்லை?"

"எந்த வாயால கேக்கிறது வசந்தன்?"

பெடியன்—பெடியன் எண்டுறன், அவனுக்கும் தலை நரைச்சுப் போச்சு—வாய்விட்டு ஒரு குளறல் குளறினான் பாருங்கோ. "என்ர அக்காவுக்குத்தானே! நான் தந்திருப்பனே! கேட்டிருந்தால் அண்டைக்கே தந்திருப்பனே!" ஹோலைத் திறந்துவிட்ட வெள்ளைக்காரன்கூட ஓடிவந்து எட்டிப் பார்த்தான். வசந்தன் தந்திருப்பான். நான் தந்திருப்பன். அண்டைக்குப் பந்தியில சாப்பிட்டவையில அரைவாசிப் பேர் தந்திருப்பினம். எங்கட ஆக்களில நொட்டை நொடுக்கு ஆயிரம் இருக்கு. ஆனால் ஒருத்திக்குக் கால் ஏலாது எண்டால் கை நீளும்.

இப்ப அந்த மரக்கறிக்கடைத் தம்பிக்கு வாறன்.

தம்பி, போடவேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன். போட்டு நல்லாய் இருக்கிறவையும் இருக்கினம். இல்லாமல் போனாலும் இரவில நித்திரை வாற காசை மட்டும் போடுங்கோ. அவசரத்துக்கு எண்டு வைச்சதைத் தொடவேண்டாம். இதெல்லாம் எந்தக் கணக்காளரும் சொல்லுவார். அவர் சொல்லாத ஒண்டை நான் சொல்லுறன். முகம் தெரியாதவனுக்குக் குடுத்தால் சண்டை வராது, உண்மைதான். ஆனால் நாளைக்கு உங்கட மனிசி படியில நிண்டு "முருகா" எண்டு சொல்லேக்க, அந்த லீட்ஸ்காரன் வந்து கதவைத் தட்டமாட்டான். அவனிலை பிழையில்லை. அவன் பாவம், தன்ர தவணையை ஒழுங்காய்க் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். உங்களை அவனுக்குத் தெரியாது. எங்கட ஆக்களுக்குக் குடுத்தால் காசு போகலாம், மெத்தப் போகலாம். போன காசுக்காக நானும் சண்டை பிடிச்சிருக்கிறன். ஆனால் குடுத்தவனுக்கு ஒரு நாள் கேக்கிற உரிமை இருக்கும்.

அண்ணைக்கு இப்ப காசு வருது. ஒரு மாதம் ஐம்பது, ஒரு மாதம் எழுபது. வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மனிசன் என்ன செய்யிறார் தெரியுமோ? கோயிலுக்குப் போறார். சாப்பாட்டு வரிசையில நிக்கிறவையிட்டை, "உங்களுக்கு ஏதும் கைமாத்துத் தேவையோ? வட்டி வேண்டாம்" எண்டு கேக்கிறார். சனம் பயந்து விலகுது. சிலபேர் சிரிக்கினம். மனிசி போனதோட ஆளுக்கு மூளை தட்டிப்போட்டுது எண்டும் கதைக்கினம். வசந்தனிட்டையும் குடுத்துப் பார்த்தார். அவன் அழுதுகொண்டு வேண்டாமெண்டிட்டான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ர வீட்டு வாசலில நிண்டார். உள்ளை வந்து இருக்கவும் இல்லை.

"தங்கச்சி, உனக்கு அவசரத்துக்கு ஏதும் காசு தேவைப்படுமோ?"

எனக்கு ஒரு தேவையும் இல்லை. கடவுள் புண்ணியத்தில வீட்டுக் கடன்கூட முடிஞ்சுது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

"நல்ல நேரம் வந்தனீங்கள் அண்ணை. கொஞ்சம் முடைதான். ஒரு இருநூறு பவுண்ஸ் தாறீங்களோ? வாற கிழமை தாறன்" எண்டன்.

எண்ணித் தந்தார். உள்ளை வந்து இருந்தார். சோறும் மீன்குழம்பும் போட்டன். ரெண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மோர்டனில இருந்து ட்ரெயின் பிடிச்சு வாறார். காசைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கிறதில்லை. சாப்பிடுறார், கொஞ்ச நேரம் ரிவி பார்க்கிறார், போறார்.

போன ஞாயிறு அவர் போனாப்பிறகு என்ர மனிசன் கேட்டார், "இஞ்சேரும், அந்த இருநூறை எப்பத்தான் குடுக்கப் போறீர்? பாவமல்லோ அந்த மனிசன்?"

குடுக்கிறதோ? கடனைத் தீர்த்துப்போட்டால் அந்த மனிசன் பிறகு என்ன சாட்டுச் சொல்லிக்கொண்டு வாறது?